இரண்டு உயில்கள்

1643-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி, ஐந்து வயது நிரம்பாத ஒரு குழந்தையை, அரச துக்கத்துக்குரிய ஊதா உடை உடுத்தி, பாரிஸ் நகரின் நீதி மாளிகைக்குள் அழைத்து வந்து, மேலே விதானமும் கீழே திண்டுகளும் அமைந்த ஓர் உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தினார்கள். தகப்பனார் பதின்மூன்றாம் லூயி இறந்து நான்கு நாட்களே ஆகியிருந்தன. தம் முதன்மந்திரியாக இருந்த கார்டினல் ரிஷ்லியு இறந்த பிறகு அந்த மன்னர் ஆறு மாதங்கூடத் தரித்திருக்கவில்லை. முடிவு நெருங்குவதை உணர்ந்த அவர், ஸ்பெயின் ராஜவம்சத்தில் பிறந்த தம் மனைவி ஆன் அரசியாரிடம் முழு நம்பிக்கை வைக்க மனமில்லாதவராய், குழந்தைக்கு வயது வரும்வரை அரசியார் ராஜ்யபாரம் வகிக்கலாம், ஆனால் தாம் பெயர் குறித்து நியமித்திருக்கும் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டே வகிக்க வேண்டும் என்று மரண சாஸனம் செய்து, அதை அந்த நீதி மாளிகையின் ஏட்டிலேயே பதிவும் செய்வித்திருந்தார். பதிவு நடந்து ஒரு மாதம் நிறையவில்லை. பதிந்துகொண்ட அதே நீதிபதிகள், அதே மண்டபத்தில், அந்தச் சிறுவனின் முன்னிலையில், சாஸனத்தின் நிபந்தனைகளை ரத்து செய்து, முழு அதிகாரத்தையும் அரசியார் கையில் ஒப்புவித்தார்கள்.

அந்தக் குழந்தைதான் பதினான்காம் லூயி. 1715 வரையில் 72 ஆண்டுகள் பிரான்ஸின் சிம்மாசனத்தில் இருந்தவர். ஐரோப்பாவின் மற்ற அரசர்கள் அரசாளும் விதத்தை இவரைப் பார்த்துக் கற்க முயன்றார்கள். "நானே ராஜ்யம்" என்று அவர் கூறியதாக உலகமெங்கும் வழங்கும் வாக்கியம் அவர் காலத்து ஏடு எதிலும் இல்லை. பிற்காலத்தார் அவர் வாயில் வைத்தது அது. ஆயினும் நிரங்குசமான ராஜ அதிகாரம் எதன்மீது நின்றது, எந்த எல்லையில் செயலற்றுப் போயிற்று என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அவருடைய ஆட்சியைவிடச் சிறந்த பாடம் சரித்திரத்தில் இல்லை. அந்தப் பாடத்தை வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் தொடங்குவதே வழக்கம். நான் நீதி மாளிகையில் தொடங்கியதன் காரணத்தை வாசகர்கள் கட்டுரையின் முடிவில் காண்பார்கள்.

அந்த நீதி மாளிகையில் கூடிய சபைக்கும் பார்லிமெண்ட் என்றுதான் பெயர். பெயரைக் கேட்டு, இங்கிலாந்தில் ஜனப் பிரதிநிதிகள் கூடும் சபை போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. இது ராஜ்யத்தின் உயர்ந்த நீதிமன்றம். இதன் நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மன்னரும் தம் விருப்பம்போல் நியமிக்கவில்லை. அவர்கள் தங்கள் பதவிகளை விலை கொடுத்து வாங்கி, பிதுரார்ஜித சொத்தைப்போல் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள். மன்னர் பிறப்பிக்கும் கட்டளை எதுவும் இந்தச் சபையின் ஏட்டில் பதியப்பட்ட பிறகே சட்டமாகும். பதிவதற்கு முன் குற்றங்குறைகளை எடுத்துக் காட்டி மறுப்பு விண்ணப்பம் செய்துகொள்ளச் சபைக்கு உரிமை உண்டு. மன்னர் இணங்காவிட்டால், தாமே நேரில் எழுந்தருளி, குழந்தை லூயி அன்று அமர்ந்திருந்தது போன்ற திண்டாசனத்தில் அமர்ந்து, தம் கண்முன்னேயே பதியும்படி உத்தரவிடலாம். அதற்குமேல் வாய் திறக்க யாருக்கும் உரிமையில்லை. மக்கள் வகுப்புகளின் பிரதிநிதிகள் கூடும் மகாசபை 1614-இல் கூடி அடுத்த ஆண்டு கலைந்த பிறகு 1789 வரையில் கூட்டப்படவே இல்லை என்பதை நினைவில் வைத்தால், மன்னரின் எதிரே நின்று ஒரு சொல் மறுத்துச் சொல்லும் வாய்ப்பு இந்த விலைக்கு வாங்கிய நீதிபதிகளுக்கே எஞ்சியிருந்தது என்பது விளங்கும்.

நிரங்குசம் என்ற வடசொல்லுக்கு அங்குசம் இல்லாதது என்று பொருள். பிரெஞ்சுக்காரர் வழங்கும் சொல்லும் கட்டு அவிழ்ந்தது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. 1576-இல் ழான் போதேன் என்ற நியாய சாஸ்திரி தம் நூலில் வகுத்தபடி, சட்டம் செய்கிறவன் தான் செய்த சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். தெய்வ நியதிக்கும் இயற்கை நியதிக்குமே கட்டுப்பட்டவன். இந்தக் கொள்கைக்குள்ளேயே ஒரு முடிச்சு இருக்கிறது. சென்ற மன்னனின் சொல் இன்றைய மன்னனைக் கட்டுமானால் இன்றைய மன்னன் கட்டற்றவன் ஆகமாட்டான். ஆகவே மன்னன் கண்மூடிய கணத்தில் அவனுடைய அதிகாரம் முழுவதும், ஓர் அணுவும் குறையாமல், அடுத்த மன்னனுக்குப் போய்விடுகிறது. அவன் தொட்டிலில் கிடக்கும் சிசுவானாலும் சரியே. இறந்தவனின் உத்தரவு வெறும் காகிதம். அந்த நியாயப்படிதான் பதின்மூன்றாம் லூயியின் சாஸனம் செல்லாததாயிற்று. பேசத் தெரியாத சிசுவின் சித்தம் இன்னது என்று எடுத்துச் சொல்வது யார் என்ற கேள்வி எழுந்தபோது, நீதிமன்றத்தார் தாங்களாகவே அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டார்கள்.

அரசியாரும் அவருடைய முதன்மந்திரியாகிய கார்டினல் மஸரேனும் இதன் பலனை ஐந்தே ஆண்டுகளில் அனுபவித்தார்கள். ஸ்பெயினோடு நடந்த நீண்ட யுத்தத்துக்காக வரிமேல் வரி விதித்துக் குடிகள் நைந்துபோன சமயத்தில், 1648 ஆகஸ்டில், வரிகளை எதிர்த்துப் பேசிய புரூசெல் என்ற முதிய நீதிபதியைக் கைது செய்யப் போக, பாரிஸ் நகரமே தெருக்களைச் சங்கிலியாலும் பீப்பாய்களாலும் அடைத்து எழுந்து நின்றது. ஃபிரோந்து என்று பெயர் பெற்ற அந்தக் கலகம் 1653 வரையில் நீடித்தது. முதலில் நீதிபதிகளும், பிறகு ராஜகுடும்பத்துப் பிரபுக்களும் அதை நடத்தினார்கள். 1649 ஜனவரி 5-ஆம் தேதி இரவு, பத்து வயது லூயியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பனியில் வண்டியேற்றி, தட்டுமுட்டுச் சாமான்கள்கூட இல்லாத சேன் ஜெர்மேன் மாளிகைக்குக் கொண்டு சென்றார்கள். அரச பரிவாரத்தில் பலர் வைக்கோலின்மீது படுத்துறங்கினர். அதைவிடக் கொடியது 1651 பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு. மன்னர் மறுபடியும் ஊரைவிட்டுப் போகிறார் என்ற வதந்தி பரவி ஜனங்கள் அரண்மனை வாசலில் திரள, வேறு வழியற்ற அரசியார் கதவுகளைத் திறந்துவிட்டார். கூட்டம் கூட்டமாகப் பாரிஸ் மக்கள் படுக்கையறைக்குள் வந்து, திரையை விலக்கி, சிறுவன் தூங்குவதைப் பார்த்துவிட்டுச் சென்றார்கள். போர்வைக்குள் கண்களை மூடிக்கொண்டு கிடந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் அன்று இரவு என்ன விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது, பின்னால் அவன் செய்த பலவற்றை வெறுக்கிற எனக்கும் நெஞ்சு இளகுகிறது. பாரிஸை அவர் கடைசிவரையில் நேசிக்கவில்லை.

1655 ஏப்ரலில், வேட்டை உடையைக்கூடக் களையாமல் அவர் அந்த நீதிமன்றத்துக்குள் வந்து, பதிவான கட்டளைகளை இனிமேல் யாரும் விவாதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. 1661 மார்ச் 9-ஆம் தேதி மஸரேன் இறந்தார். மறுநாளே மந்திரிகளைக் கூட்டி, இனித் தமக்கு முதன்மந்திரி வேண்டியதில்லை, தம்முடைய ஆணையின்றி ஒரு பிரயாண அனுமதிச் சீட்டில்கூடக் கையெழுத்து விழக் கூடாது என்று அறிவித்தார். இருபத்திரண்டு வயது வாலிபனுக்கு இந்த உற்சாகம் எத்தனை நாளைக்கு என்று அரண்மனையில் நினைத்தார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் நிலைத்தது.

முதலில் வீழ்ந்தவர் பொக்கிஷ மந்திரி நிகொலா ஃபூக்கே. அவர் வோ லெ விகோம்த்தில் கட்டிய மாளிகையும் தோட்டமும் மன்னரிடத்திலும் இல்லாத அழகு வாய்ந்தவை. 1661 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, மோலியேரின் புதிய நாடகம் உட்பட எத்தனையோ கேளிக்கைகளோடு மன்னருக்கு அங்கே விருந்தளித்தார். செப்டம்பர் 5-ஆம் தேதி, மன்னரின் பிறந்தநாளன்று, நாந்து நகரில் அவரைக் கைது செய்தவர், கதைகளில் நம் வாசகர்கள் சந்தித்திருக்கும் தார்த்தஞான் என்ற வீரரேதான். மூன்று ஆண்டு விசாரணைக்குப் பிறகு, மன்னரே பொறுக்கி எடுத்த இருபத்திரண்டு நீதிபதிகளில் ஒன்பது பேர் மரண தண்டனையும் பதின்மூன்று பேர் நாடு கடத்தலும் விதித்தார்கள். தண்டனையைக் குறைப்பது அரசரின் கருணை. இந்த மன்னரோ கூட்டினார். நாடு கடத்தல் ஆயுள் சிறையாக மாறிற்று. ஃபூக்கே 1680-இல் பினெரோல் கோட்டைச் சிறையிலேயே இறந்தார். அவருடைய கட்டடச் சிற்பி, ஓவியர், தோட்டக் கலைஞர் மூவரும் மன்னரின் வேலைக்கு வந்து வெர்சேல்ஸில் தங்கள் கைத்திறனைக் காட்டினார்கள்.

வெர்சேல்ஸைப் பற்றி அதிகம் எழுதாத ஆசிரியர் இல்லையாதலால் நான் சுருக்கமாகவே சொல்கிறேன். தகப்பனார் கட்டிய வேட்டைக் குடில் இருந்த இடம் அது. 1685-இல் முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள்; 1682 மே 6-ஆம் தேதியே அரசவை அங்கு குடியேறிவிட்டது. ஃபிரோந்துக் கலகத்தில் சேனை திரட்டி நின்ற குலங்களின் வாரிசுகள், காலையில் மன்னர் எழும்போது சட்டையை எடுத்து நீட்டவும், இரவில் அவர் உடை களையும்போது மெழுகுவர்த்தித் தாங்கியைப் பிடித்து நிற்கவும் ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். உபகாரச் சம்பளமோ பதவியோ வேண்டுகிறவன் மன்னரின் கண்ணில் படாத இடத்தில் இருந்தால், அவனை நான் பார்ப்பதே இல்லையே என்ற பதில்தான் கிடைக்கும்.

ஆயினும், அரண்மனைச் சடங்குகளால் பிரான்ஸ் ஆளப்படவில்லை. மாகாணம்தோறும் மன்னர் அனுப்பிய இன்டெண்டன்ட் என்ற அதிகாரிகளே அவருடைய உண்மையான கரங்கள். நீதிபதியின் பதவி விலைக்கு வாங்கியது; அதைப் பறிக்க வேண்டுமானால் விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்டெண்டன்ட் பெற்றதோ பதவியன்று, மன்னரின் ஆக்ஞைப் பத்திரம். இன்று கொடுத்ததை நாளை ஒரு கடிதத்தால் திரும்பப் பெறலாம். வரி விதிப்பு, சேனைக்குத் தானியம், சாலைகள், கலகத்தை அடக்குதல் யாவும் இவர்கள் கைக்கு வந்தன. 1673-இல் மன்னர், கட்டளையை முதலில் பதிந்துவிட்டுப் பிறகே மறுப்பு விண்ணப்பம் செய்யலாம் என்று உத்தரவிட்டார். சட்டமாகிவிட்ட ஒன்றை மறுப்பதில் பயன் என்ன? நீதிபதிகள் வாயடைத்துப்போனார்கள்.

வாயடைத்துப்போனார்களே தவிர, ஒழிந்துபோகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரேம்ஸ் நகர வர்த்தகக் குடும்பத்தில் தோன்றி, ஓய்வென்பதை அறியாமல் உழைத்த கோல்பேர் என்ற மந்திரி 1665-இல் கணக்கெடுத்தபோது, விலைக்கு விற்ற உத்தியோகங்கள் நாற்பத்தையாயிரத்துக்கு மேலிருந்தன. அவற்றைக் குறைக்க வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டார், முடியவில்லை. யுத்தம் வரும்போதெல்லாம் பணம் வேண்டும். குருமாரும் பிரபுக்களும் குடிவரி செலுத்தாதவர்கள். குடியானவனைக் கசக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே மன்னர் தம் அதிகாரத்தையே துண்டு துண்டாக விற்றார். 1692-இல் நகரசபைத் தலைவர் பதவிகளைப் பரம்பரை உத்தியோகங்களாக்கி ஏலத்துக்கு விட, தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் பழைய உரிமையைப் பல நகரங்கள் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ள நேர்ந்தது. 1696-இல் ஒரே சமயத்தில் ஐந்நூறு பிரபுப் பட்டங்களை விற்றார். பட்டம் வாங்கியவன் வரி செலுத்துவதில்லையாதலால், இன்றைய செலவுக்காக நாளைய வருமானம் கைவிட்டுப் போயிற்று. எதிர்ப்பாரின்றி ஆண்டதாக உலகம் நினைத்த மன்னர் தம்முடைய உத்தியோகஸ்தர்களுக்கே கடன்பட்டவராக இருந்தார் என்பதை, அரண்மனையின் பளபளப்பில் மயங்கியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கோல்பேரின் பெயர் வந்ததால் நம் கடற்கரைக்கு ஒரு நிமிஷம் வருவோம். 1664-இல் அவர் ஏற்படுத்திய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகவே பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரிக்கு வந்தார். 1693-இல் டச்சுக்காரர் பிடித்துக்கொண்ட அந்த ஊர் உடன்படிக்கையினால் திரும்பிய பிறகு அவர் அங்கு எழுப்பிய கோட்டைக்கு லூயி கோட்டை என்றே பெயர். 1761-இல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

மன்னர் செய்த காரியங்களில் எனக்கு மன்னிக்க மனம் வராதது ஒன்று உண்டு. அவருடைய பாட்டனார் நான்காம் ஹென்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த மதச் சண்டையை நிறுத்தி, ஹூகனாட்டுகள் எனப்பட்ட பிராட்டஸ்டன்ட் மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்து, 1598-இல் நாந்து நகரில் ஒரு சாஸனம் பிறப்பித்தார். அது நிரந்தரமானது, மாற்றப்படாதது என்று அந்தச் சாஸனத்திலேயே எழுதியிருந்தது. பேரனோ, குதிரைப்படை வீரர்களை அந்த மக்களின் வீடுகளில் தங்கவிட்டு, சாப்பாடு போடச் செய்து, அவர்கள் செய்யும் கொடுமைக்கு அஞ்சிக் குடும்பம் குடும்பமாக மதம் மாறும்படி வருத்திய பிறகு, 1685 அக்டோபரில் அந்த நிரந்தர சாஸனத்தை ஒரே கையெழுத்தால் அழித்தார். கோயில்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் பதினைந்து நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், மற்றவர்கள் வெளியேறினால் ஆண்களுக்குத் துடுப்புக் கப்பலில் அடிமை வேலை. அப்படியிருந்தும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், நெசவாளரும் கடிகாரத் தொழிலாளரும் வர்த்தகரும் போர்வீரருமாக, ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் பிராண்டன்பர்க்குக்கும் தப்பிச் சென்றார்கள். மன்னரின் கோட்டைகளையெல்லாம் கட்டிய வோபான் இது தவறு என்று துணிந்து எழுதியும் பயனில்லை. பாட்டனின் வாக்கு பேரனைக் கட்டாது என்ற நியாயத்தை மன்னர் தம் கையாலேயே ஊர்ஜிதம் செய்தார்.

1693-94 பஞ்சத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதிலிருந்து தேசம் எழுந்திருப்பதற்குள் ஸ்பெயின் சிம்மாசனத்தைக் குறித்த யுத்தம் 1701-இல் மூண்டது. மன்னரின் பேரன் பிலிப் அங்கே அரசரானதை ஐரோப்பா பொறுக்கவில்லை. யுத்தத்தின் நடுவில், 1709 ஜனவரி 5-ஆம் தேதி இரவு தொடங்கிய குளிர், ஸேன் நதியை உறையவைத்து, மண்ணிலிருந்த விதையைக் கருக்கி, மரங்களைப் பிளந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாகச் சுமார் ஆறு லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். கண்ணாடி மண்டபத்து வெள்ளிச் சாமான்களை 1689-லேயே உருக்கியாயிற்று. இப்போது மன்னரின் பொன் தட்டுகளும் நாணயசாலைக்குச் சென்றன. அவர் சமாதானம் கேட்டார். எதிரிகள் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பேரனைச் சிம்மாசனத்திலிருந்து இரண்டு மாதத்தில் இறக்கித் தர வேண்டும், அவன் இணங்காவிட்டால் தாத்தாவே படையெடுக்க வேண்டும் என்பது. ஜூன் 12-ஆம் தேதி, எழுபது வயது மன்னர் மாகாண கவர்னர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அதை அச்சிட்டுப் பரப்பச் செய்தார். சமாதானத்துக்காகத் தாம் எதையெல்லாம் விட்டுக் கொடுக்கச் சித்தமாக இருந்தார், எதிரிகள் கேட்பது எவ்வளவு நியாயமற்றது என்று பிரஜைகளுக்கு விளக்கி, அவர்களுடைய உதவியை அதில் நாடினார். தம் செயல்களுக்குக் காரணம் சொல்லும் கடமை தமக்கு இல்லை என்ற கொள்கையில் வளர்ந்தவர், வாழ்நாளின் அந்திமத்தில், பசியால் மெலிந்த குடிகளின் முன் காரணம் சொன்னார். அவருடைய சரித்திரத்திலேயே அவர் உயர்ந்து நிற்கும் இடம் எனக்கு இதுவாகத் தோன்றுகிறது. செப்டம்பரில் மல்பிளாக்கே களத்தில் அவருடைய படை பின்வாங்கியதே தவிர உடையவில்லை; பகைவர்களின் நஷ்டமே அதிகம். 1713-இல் வந்த சமாதானம் 1709-இல் கேட்டதைவிடக் கௌரவமானது.

அதற்குள் வீடு காலியாகிவிட்டது. 1711-இல் மகன் இறந்தான். 1712-இல் சில வாரங்களுக்குள் பேரனும் பேரன் மனைவியும் உயிருடனிருந்த அவர்களுடைய குழந்தைகளில் மூத்தவனும். 1714-இல் மற்றொரு பேரன். பிரான்ஸில் எஞ்சிய நேர்வாரிசு 1710-இல் பிறந்த கொள்ளுப்பேரன் ஒருவனே. தமக்குப் பிறகு ராஜ்யபாரம் தம் தம்பி மகனாகிய ஆர்லியன் கோமகனுக்குப் போகும் என்று உணர்ந்த மன்னர், அவரிடத்தில் நம்பிக்கையற்றவராய், தம் தகப்பனார் செய்ததையே தாமும் செய்தார். கோமகன் சபைக்குத் தலைவர் மட்டுமே. எதையும் பெரும்பான்மை தீர்மானிக்க வேண்டும். சிறுவனின் வளர்ப்பும் அரண்மனைப் படையும், தாம் அங்கீகரித்த காதற்கிழத்தி மகனாகிய மேன் கோமகனிடம் இருக்க வேண்டும் என்று உயில் எழுதி, ஏழு முத்திரைகள் இட்டு, 1714 ஆகஸ்டில் பாரிஸ் பார்லிமெண்டின் தலைவரிடம் ஒப்படைத்தார். தகப்பனாரின் உயில் பட்ட பாடு தமக்குத் தெரியும் என்று அப்போது அவர் கூறியதாகச் சேன் சிமோன் பிரபு தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நீதி மாளிகையின் கோபுரம் ஒன்றின் சுவரைக் குடைந்து, அதற்குள் உயிலை வைத்து, இரும்புக் கதவு பூட்டி, மூன்று சாவிகளை மூவரிடம் கொடுத்தார்கள்.

1715 செப்டம்பர் 1-ஆம் தேதி காலை, கால் அழுகிப் பல நாள் வேதனைப்பட்டு, அந்த வேதனையிலும் ஒருமுறைகூட நிலைகுலையாமல், பதினான்காம் லூயி வெர்சேல்ஸில் உயிர் நீத்தார். மறுநாள் செப்டம்பர் 2-ஆம் தேதி நீதி மாளிகையின் இரும்புக் கதவைத் திறந்து உயிலை எடுத்து வாசித்தார்கள். அந்தி சாய்வதற்குள் அதை ரத்து செய்து, ஆட்சிப் பொறுப்பு முழுவதையும், படையின் தலைமை உட்பட, ஆர்லியன் கோமகனிடம் அளித்தார்கள். கோமகன் நீதிபதிகளுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தார். 1673-இல் பறிபோன மறுப்பு விண்ணப்ப உரிமை, செப்டம்பர் 15-ஆம் தேதி, பதினைந்தாம் லூயி என்ற ஐந்து வயதுச் சிறுவனின் பெயரால் பாரிஸ் பார்லிமெண்டுக்குத் திரும்பி வந்தது.